ஏற்றத்தில் ரவுண்டானா வேண்டாம்

சீசன் வந்துவிட்டால் ஊட்டியில் எல்லோரும் போக்குவரத்து நிபுணர்கள்தான். "சிக்னல் போட்டால் தீர்ந்தது" என்பார் ஒருவர். "பெரிய ரவுண்டானா கட்டணும்" என்பார் இன்னொருவர். ரோட்டின் சரிவை இருவருமே கணக்கில் எடுப்பதில்லை.

நாலு ரோடு கூடும் இடத்தில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. நடுவில் வட்டம் போட்டு ஒரே பக்கமாகச் சுற்றவிட்டால் அது 8 ஆகிவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் மொத்தமும் ஒரே விதியை நம்பி நிற்கிறது: உள்ளே சுற்றும் வண்டிக்கே முன்னுரிமை, நுழைகிறவர் வலப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பிரிட்டன் 1966-இல் இதைச் சட்டமாக்கும்வரை அங்கேயும் வட்டங்கள் அடிக்கடி பூட்டிக்கொண்டுதான் கிடந்தன.

மலையில் இந்த விதி தடுக்கி விழுகிறது. குறுகலான மலை ரோட்டில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். அதே பழக்கத்தில் ஏறி வருகிறவர் வட்டத்துக்குள்ளும் நிற்காமல் நுழைகிறார். நின்றாலும் தொல்லைதான். கிடைக்கிற இடைவெளி நாலைந்து விநாடி. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அரை கிளட்சில் பிடித்து, ஆள் நிறைந்த பஸ் நகர்வதற்குள் அது போய்விடும். ரோட்டுத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1976 வழிகாட்டி, ரவுண்டானா அமையும் தரை 50-க்கு 1-க்கு மேல் சரியக்கூடாது என்றது. சோதிக்கக் கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதும். 10 மீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், மட்டம் 20 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் வட்டம் புதிதாக வேண்டியதில்லை, 1886-இல் கட்டிய ஆடம்ஸ் நீரூற்றே நடுவில் நிற்கிறது. அதைப் பெரிதாக்கினால் சுற்றும் பாதைதான் ஒடுங்கும். ரவுண்டானா பெரும்பாலும் அடைபடுவது வெளியேறும் வாயில். அங்கே ஒரு டெம்போ டிராவலர் ஆள் இறக்க நின்றால் போதும், பின்னால் சேரும் வரிசை வட்டத்துக்குள் நீண்டு அடுத்த ரோட்டின் வாயை அடைக்கும், அது அதற்கடுத்ததை. கல், சிமெண்ட் வாங்கும் முன் ஒவ்வொரு வெளியேறும் வாயிலும் 30 மீட்டருக்கு வண்டி நிற்காமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

சரிவான சந்திப்புக்குச் சிக்னல்தான். அதற்கும் எல்லை உண்டு. மூன்று ரோடு கூடும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் முறை மாற்றும்போது தலா 4 விநாடி வீண் என்றால் மொத்தம் 12. எல்லா ரோட்டுக்கும் ஒரு முறை பச்சை வந்துபோகும் சுற்றின் நேரத்தைக் கணக்கிடும் வெப்ஸ்டர் சூத்திரப்படி அதை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டினால் 23. சந்திப்பின் சுமை, அதாவது அது தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு வண்டி வருகிறது என்பது, 0.6 என்றால் 23-ஐ 0.4-ஆல் வகுக்க வேண்டும்: ஒரு சுற்று சுமார் 58 விநாடி. சீசனில் சுமை 0.85 ஆனால் வகுப்பது 0.15-ஆல், சுற்று 153 விநாடி. அவ்வளவு நேரம் எவரும் பொறுக்கமாட்டார்கள், சிவப்பிலேயே பாய்வார்கள்.

மஞ்சள் விளக்கை மட்டும் சமவெளிக் கணக்கில் வைத்துவிடாதீர்கள். 40 கிலோமீட்டர் வேகத்துக்குத் தட்டையான ரோட்டில் 3 விநாடி போதும். 8 சதவீத இறக்கத்தில் பிரேக் பிடித்து நிற்கத் தூரம் கூடுவதால் மூன்றரை விநாடி வேண்டும். இறங்கி வரும் பக்கத்துக்கு மட்டும் தனியாக நேரம் வைக்கலாம். ஏறும் பக்கத்தில் நிறுத்தக்கோட்டை, கொஞ்சம் பின்தள்ளியாவது, தரை சமமாக உள்ள இடத்தில் போடுங்கள். பச்சை விழுந்ததும் முதல் பஸ் பின்னால் உருளாது.