மறுபடியும் அதே வார்டு

2025 ஜனவரி 13
இன்று போகி. விடியும் முன்பே தெருவில் பாயும் டயரும் எரிந்தன. ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. மூச்சு இரைத்து, பேச்சு பாதியில் நின்றுபோனது. டிசம்பரில்தான் டிஸ்சார்ஜ் ஆனேன். "மறுபடியும் வந்துவிட்டீர்களா அம்மா?" என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனாலும் பரீட்சையில் தோற்ற பிள்ளையைக் கேட்பதுபோல் இருந்தது. நான் பீடி, சிகரெட் தொட்டவள் அல்ல. சத்துணவுக் கூடத்திலும் வீட்டிலும் விறகுப் புகையில் கழிந்த ஆயுள் என்னுடையது. சிஓபிடி எனும் இந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றாலே புகைபிடித்தவர் நோய் என்று இன்னமும் நினைக்கிறார்கள்.

ஜனவரி 15
பக்கத்துக் கட்டில் அக்கா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அவரும் திரும்பி வந்தவர்தான். "மருந்து எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள்" என்றார் சிஸ்டர். அக்கா இன்ஹேலர் கேப்சூலை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினார்! அதைக் கருவிக்குள் வைத்துத் திருகி, பொடியை வாயால் வேகமாக உள்ளிழுத்து, சற்று மூச்சை அடக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இத்தனை நாளும் மருந்து நுரையீரலுக்குப் போகவே இல்லை. அக்கா மேல் என்ன தவறு? போன முறையே யாராவது செய்துகாட்டச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஜனவரி 17
ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லி மகன் மன்றாடினான். இந்த நோய்க்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும், அளவுக்கு மீறினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடும் என்று டாக்டர் விளக்கினார். டிசம்பரில் இதை ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் 91 என்று காட்டியதற்கே பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்தான்.

அமெரிக்காவில் 30 நாளுக்குள் திரும்பி வரும் சிஓபிடி நோயாளிகள் அதிகமானால், 2014 அக்டோபர் முதல் மருத்துவமனைக்குத் தரும் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) பணத்தில் பிடித்தம் செய்கிறார்களாம். எனக்கு அச்சமாக இருக்கிறது. நள்ளிரவில் மூச்சு கிடைக்காதவளுக்கு வார்டுதான் அடைக்கலம். வருவதே குற்றமென்றால் எங்கே போவது?

ஜனவரி 20
நாளை வீட்டுக்கு. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் என்ன செய்வது, எப்போது தாமதிக்காமல் வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வாங்கிவிட்டேன். அடுத்த வாரப் பரிசோதனைக்குத் தேதியும் கேட்டு வாங்கினேன். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மகளை வரவழைத்து சிஸ்டரே வாசித்துக்காட்டினார். அந்தப் பெண் செல்பேசியில் பதிவுசெய்துகொண்டாள்.