ஜேர்மனியில் மான் சுடப் படித்த கதை

ஜேர்மனியில் ஒரு மான் சுட வேண்டுமென்றால் முதலில் மரங்களைப் படிக்க வேண்டும். இலையைக் காட்டி என்ன மரம் என்று கேட்பார்கள். குளிர்காலத்தில் இலையே இல்லாத கொப்பைக் கையில் தந்து, மொட்டைப் பார்த்துச் சொல் என்பார்கள். அதற்குப் பிறகு நாய்களுக்கு வரும் வருத்தங்கள், பயிர் வகைகள், துவக்குச் சட்டம், இறைச்சிச் சுகாதாரம், எந்த மிருகத்தை எந்த மாதத்தில் தொடவே கூடாது என்ற அட்டவணை. நெடுங்கேணியில் பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "நீ மான் சுடப் படிச்சனியோ, டொக்டருக்குப் படிச்சனியோ?" என்று கேட்டார்.

லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்கிறவர்கள் பாதியில் குறுக்கிட்டுத் தங்கள் மரை வேட்டைக் கதைக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு ஜேர்மன்காரர். ஒருநாள் மான் இறைச்சி கொண்டுவந்து தந்தார். ஊரை விட்ட பிறகு அந்த வாசம் என் மூக்கில் பட்டதே இல்லை. எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். வாங்குவதென்ன, நீயும் படித்துச் சுடு என்றார். குளிர்காலம் முழுக்கப் பின்னேர வகுப்பு, சனி ஞாயிறில் காடு. கட்டணம், புத்தகம், தோட்டா எல்லாம் சேர்த்து ஒரு நல்ல மாதச் சம்பளம் போய்விடும். அங்குள்ளவர்கள் இந்தப் பரீட்சையைப் 'பச்சை அபித்தூர்' என்பார்கள். அபித்தூர் அவர்களுடைய உயர்தரப் பரீட்சை. பகிடிக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். புத்தகத்தின் தடிப்பைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுத்துப் பரீட்சை, வாய்மொழியும் செய்முறையும், சூடு என்று மூன்று பகுதி. சூட்டுத் திடலுக்குப் போன முதல்நாள், வெடிச்சத்தம் பழக்கமா என்று பயிற்றுநர் என்னிடம் கேட்டார். வன்னியில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது! ஆனால் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, ஒருவர் 'சரி, சுடலாம்' என்று சொன்ன பிறகு கடதாசி மானுக்குச் சுடுவது எனக்கும் புதிதுதான். 100 மீற்றரில் நிற்கும் மான் படம், ஓடும் பன்றிப் படம், ஆகாயத்தில் பறக்கும் களிமண் தட்டு. சூடு எனக்குச் சுகமாக வந்தது. வாய்மொழிதான் கழுத்தை நெரித்தது. மேசையில் ஒரு துவக்கை வைத்து எடுக்கச் சொல்வார்கள். எடுத்த கையோடு திறந்து உள்ளே தோட்டா கிடக்கிறதா என்று பார்க்காவிட்டால், மிச்சக் கேள்விக்கு எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும் வீட்டுக்குப் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பிடிவாதத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பாஸ் பண்ணினால் உடனே துவக்கு இல்லை. மாவட்ட அலுவலகத்தில் வேட்டை அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம்மால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டக் காப்புறுதி எடுத்த கடதாசியும் காட்ட வேண்டும். பிறகு ஆளைத் துருவிப் பார்ப்பார்கள். பொலிஸ் பதிவு, நீதிமன்றப் பதிவு. 2020இலிருந்து உள்நாட்டு உளவுத்துறையிடமும் கேட்கிறார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் முல்லைத்தீவு என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் நித்திரை இல்லை. கடைசியில் அட்டை வந்துசேர்ந்தது. துவக்கை வைக்க இரும்புப் பெட்டகம் வாங்க வேண்டும். அதைத் திறக்க மனைவிக்குக்கூட வழி இருக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். பெரியப்பாவின் இடியன் துவக்கு அந்தக் காலத்தில் குசினி வளையில் செருகிக் கிடந்ததாம்.

அட்டை இருக்கிறதென்று கண்ட காட்டுக்குள்ளும் இறங்க முடியாது. அங்கே மான் யாருக்கும் சொந்தமில்லை. சுடும் உரிமை மட்டும் நிலத்தோடு சேர்ந்தது. 1848 புரட்சி வரைக்கும் வேட்டை பெரும்பாலும் பிரபுக்களின் சொத்து. தன் வயலைத் தின்ற மானைக்கூடக் குடியானவன் தொட முடியாது. புரட்சிதான் அதை நிலக்காரனிடம் கொண்டுவந்தது. இன்று 75 ஹெக்டேயர், அதாவது 185 ஏக்கர் அளவில் ஒரே துண்டாகக் காணி இருந்தால் அது தனி வேட்டை நிலம். சின்னக் காணிகளை ஒன்றாகச் சேர்த்துக் குத்தகைக்கு விடுவார்கள். மூன்று வருடம் அட்டை வைத்திருந்தவர்தான் குத்தகை எடுக்கலாம். என்னைப் போன்றவர்கள் குத்தகைக்காரரின் விருந்தாளியாகப் போவோம்.

அங்கேயும் பரண் உண்டு. எங்கள் பரண் பயிர்க்காவலுக்கு. அங்கே பரணில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேலிருந்து கீழே சுட்டால் குண்டு மண்ணில் புதையும். மானுக்குப் பின்னால் மண் தெரியாவிட்டால் சுடக் கூடாது, எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும். இருட்டில் மானைச் சுடத் தடை: பொழுது பட்டு ஒன்றரை மணி நேரத்தோடு சரி, திரும்ப விடிவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்புதான். வெளிச்சம் அடித்துச் சுடவும் முடியாது. "பகலில மான் எங்க வரும்?" என்று பெரியப்பா கேட்டார். பெரியப்பா ஆட்களுடைய வேட்டை ரோர்ச் வெளிச்சத்தில் கண் மின்னுவதைப் பார்த்துச் சுட்டது. கருக்கலில் வரும், விடியப்புறம் வரும், வராவிட்டால் வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கம்பி தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. அதை வேட்டை என்றே சொல்லக் கூடாது. வருவது மானா, மாடா, விறகுக்குப் போன மனிசனா என்று கம்பிக்குத் தெரியாது.

மே மாதம் ஆண் மானுக்குக் காலம் திறந்தது. என் முதல் மான் விடியப்புறம் புல்வெளி ஓரத்தில் வந்து நின்றது. அங்கத்தைய சின்ன மான் நம்முடைய புள்ளிமானைவிட மிகச் சிறிது. செம்பட்டை நிறம், உடம்பில் புள்ளி இல்லை. சுட்டேன். ஒருமுறை துள்ளி, பற்றைக்குள் ஓடியது. நான் எழும்பி இறங்கப் பார்க்க, பக்கத்திலிருந்த குத்தகைக்காரர் தோளில் கையை வைத்து அமத்தினார். பத்துப் பதினைந்து நிமிடமாவது அசையக் கூடாது. உடனே பின்னால் போனால் காயப்பட்டது எழும்பி நெடுந்தூரம் ஓடும். விட்டால் கிட்டவே படுக்கும். பிறகு இறங்கி, மான் நின்ற இடத்தில் முழந்தாளிட்டுப் பார்த்தோம். புல்லில் கொஞ்சம் மயிர். இரண்டு எட்டுத் தள்ளி இளஞ்சிவப்பாக, நுரைத்த இரத்தம். நுரை என்றால் நுரையீரல், மான் பக்கத்தில் கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சையாகத் தீனி கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. மணிக்கணக்காகக் காத்திருந்து, அதற்கென்றே பழக்கிய நாயைக் கூப்பிட வேண்டும். காயப்பட்டதைத் தேடாமல் விட்டுப் போகிறவனை அங்கே யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பெரியப்பா முதல்முறையாகத் தலையாட்டினார். "நுரை ரத்தம் எண்டால் தூரம் போகாது, தம்பி." இதே பாடத்தை அவர் பாலைச் சருகில் படித்தவர்.

மான் ஒரு புதருக்கு அப்பால் கிடந்தது. குத்தகைக்காரர் ஓக் மரத்தில் பச்சைக் கொப்பொன்று முறித்தார். ஒரு துண்டை மானின் வாயில் வைத்தார். அது அதன் கடைசிக் கவளம். ஒன்றைச் சூட்டுக் காயத்தின் மேல் வைத்தார். இன்னொன்றை இரத்தத்தில் தொட்டு, தன் தொப்பியின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். நான் அதை எடுத்து என் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொள்ள வேண்டும். எந்த மரத்திலும் முறிக்க முடியாது. ஓக், பைன், ஸ்புறூஸ், ஃபிர், ஆல்டர் என்று ஐந்து மரம் முறையாக உண்டு. (மரங்களைப் படிப்பித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் பாதி விளங்கியது.) மானை வலப்பக்கம் சரித்துக் கிடத்தி, 'மான் விழுந்தது' என்பதற்கென்று இருக்கும் மெட்டைக் கொம்பில் ஊதினார்கள். கிடத்திய மிருகத்தைக் கடந்து மிதிக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் இறங்கும்போது குழை முறித்து ஐயனாருக்கென்று மரத்தில் செருகிவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது. வேட்டைக்குப் போனாலும் தேனுக்குப் போனாலும் அதுதான். பெரியப்பா இன்றைக்கும் விறகுக்குப் போகும்போதுகூட முறிப்பார். நாங்கள் போகும்போது முறிக்கிறோம், அவர்கள் முடிந்த பிறகு முறிக்கிறார்கள். அந்த ஓக் குழையைக் கையில் வாங்கியபோது எனக்கு உடம்பு ஒருமுறை புல்லரித்தது உண்மை. "அவங்களுக்கும் ஐயனார் இருக்கிறாரோ?" என்று பெரியம்மா கேட்டார். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

பங்கு என்று வந்தபோதுதான் வீட்டில் சண்டையே வந்தது. அங்கே வயிறு திறந்து ஈரல், சுவாசப்பை எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமாக ஏதாவது இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிறகு 7 பாகைக்குக் குறைந்த குளிர் அறையில், தோலோடு சில நாள் தொங்கவிடுவார்கள். சுட்டவனுக்கு உரியது ஈரல், இதயம், சிறுநீரகம், கொம்பு. உடம்பு குத்தகைக்காரருடையது. வேண்டுமென்றால் கிலோ இவ்வளவென்று காசு கொடுத்து வாங்கலாம். நான் வாங்கினேன்.

"சுட்டவன் காசு குடுத்து இறைச்சி வாங்கிறதோ? என்ன கதை கதைக்கிறாய்?" பெரியப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

அவருடைய கணக்கு வேறு. சுட்டவனுக்கு ஒன்று, துவக்குக்கு ஒன்று, தடம் பார்த்தவனுக்கு ஒன்று, காவி வந்தவர்களுக்கு, அயலுக்கு. தேக்கிலையில் பிரித்து வைப்பார்கள், தராசு வராது. மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் போட்டு வத்தல் ஆக்குவார்கள். தேனுக்குள் போட்டு வைத்தது மாதக்கணக்கில் கிடக்கும். எங்கள் வெக்கையில் தோலோடு ஒரு பகல் தொங்கவிட்டால் மறுநாள் கிட்ட நிற்க முடியாது. இன்று இதெல்லாம் கதைதான். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானையும் மரையையும் சுட்டால் வழக்கு. இறைச்சி வைத்திருந்தாலும் வழக்கு.

ஆனால் வீட்டில் யாருக்கும் சீரணிக்காத விஷயம் குட்டி. செப்டெம்பரில் பெட்டைக்கும் குட்டிக்கும் காலம் திறக்கும். தாயும் குட்டியும் ஒன்றாக வந்தால் முதலில் குட்டியைத்தான் சுட வேண்டும், பிறகு தாயை. தாயை முதலில் சுட்டு, குட்டி தப்பினால் அது தனித்து அலைந்து நலிந்துபோகும். பாலூட்டி வளர்க்கும் தாயைச் சுடுவது சட்டப்படி குற்றம். சொன்னதும் பெரியம்மா காதைப் பொத்தினார். "குட்டியையோ? அது பாவமெல்லே, ராசா!" ஊரில் சினை மானையும் குட்டியையும் விட்டுவிடுவதுதான் நல்ல வேட்டைக்காரனுக்கு அடையாளம். நானும் வகுப்பில் அதைத்தான் கேட்டேன். பயிற்றுநர் என்னை ஓர் இளங்காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், மான் நுனி கடித்த மரக்கன்றுகளைக் காட்டினார். சிறுத்தை மாதிரி மானைப் பிடிக்க அந்தக் காட்டில் ஒன்றும் இல்லை. நாடு முழுக்க ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் அந்தச் சின்ன மான்களைச் சுடுகிறார்கள், அப்படியும் குறையவில்லை. நியாயம் விளங்கியது. குட்டிக்கு முன்னால் துவக்கை நீட்டும்போது பெரியம்மாவின் குரல் கேட்கத்தான் செய்கிறது. ஒருமுறை சுடாமலே இறங்கி வந்தேன். குத்தகைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியப்பா முழு மனதோடு பாராட்டிய சட்டம் ஒன்றே ஒன்று. பன்றியும் மானும் பயிரைத் தின்றால் அந்தச் சேதத்துக்கு வழக்கமாக வேட்டைக் குத்தகைக்காரர்தான் கமக்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டும். முத்தையன்கட்டில் மச்சானின் கச்சானை இந்த முறையும் பன்றி கிண்டிவிட்டது. "அந்தச் சட்டத்தை மட்டும் இஞ்ச கொண்டு வா, பரீட்சையை நீங்களே வைச்சிருங்கோ" என்றார். சட்டத்தின் மறுபக்கம் என்னவென்றால், காசு கொடுக்க விரும்பாத குத்தகைக்காரர் காவலுக்கு ஆள் பிடிப்பார். மானைப் போலல்ல, பன்றிக்கு இரவிலும் காத்திருக்கலாம். நான் திரும்பிப் போகும்போது அங்கே சோளம் பால்பிடிக்கும் காலம். இரவுப் பரணுக்கு என் பேரை எழுதிவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது.