நகலும் முகவரியும்: சி மொழி படிக்கும் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

சி மொழியில் எழுதிய ஒரு கணினி நிரலில் இரண்டு மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஒரு மாணவரின் பெயர், வரிசை எண், ஐந்து பாட மதிப்பெண்கள் எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) வைத்து, தமிழ்ப் பாடத்துக்கு 5 மதிப்பெண் கூட்டும் ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் தனி நிரல்பகுதி) அனுப்பினேன். உள்ளே அச்சிட்டால் 67. நிரல் தொடங்கும் முதன்மை ஃபங்ஷனான மெயினுக்குத் திரும்பி வந்து அச்சிட்டால் பழைய 62. நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் எந்தக் குறையும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

காரணம் பிடிபட்டது. ஸ்ட்ரக்டை அனுப்பினால் சி மொழி அதை அப்படியே ஒரு நகல் எடுத்துத்தான் ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. ஜெராக்ஸில் திருத்தினால் அசல் எப்படி மாறும்?

சரிசெய்ய இரண்டு வழி. திருத்திய நகலை ரிட்டர்ன் செய்து (திருப்பித் தந்து), மெயினில் பழைய மாறிக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் நினைவகத்தில் ஸ்ட்ரக்ட் இருக்கும் இடத்தின் முகவரியை அனுப்பி, உள்ளே உறுப்பைத் தொடப் புள்ளிக்குப் பதில் அம்புக்குறி (->) போடலாம். இரண்டிலும் 67 வந்தது. எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது. மெயினைப் படிக்கும்போதே எது மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

அப்புறம் ஒரு சந்தேகம். மதிப்பெண் அரேயை (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) மட்டும் தனியாக அனுப்பினால் அசல் மாறுகிறதே, ஸ்ட்ரக்டுக்குள் வைத்து அனுப்பினால் ஏன் மாறவில்லை? தனி அரே ஃபங்ஷனுக்குப் போகும்போது அதன் முதல் உறுப்பின் முகவரி மட்டும்தான் போகிறது. ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் அரே ஸ்ட்ரக்டின் உடம்பிலேயே ஒரு பகுதி, அதனால் அதுவும் சேர்ந்து நகலாகிறது. தனியாக ரிட்டர்ன் செய்யவே முடியாத அரேயை ஸ்ட்ரக்டுக்குள் வைத்து ரிட்டர்ன் செய்ய முடிகிறது. இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருந்தது.

மார்ச் 8, சனி

சி மொழியை உருவாக்கிய ரிட்சியும் அவருடன் கெர்னிகனும் அம்மொழி பற்றி 1978-இல் வெளியிட்ட நூலின் முதல் பதிப்பில் இந்த வசதியே இல்லை. ஸ்ட்ரக்டின் முகவரியை எடுக்கலாம், உறுப்பைத் தொடலாம், அவ்வளவுதான். முழு ஸ்ட்ரக்டை அனுப்புவதும் திருப்பித் தருவதும் பிறகு வந்து, 1989-இன் ஆன்சி (அமெரிக்கத் தர நிறுவனம்) தரத்தில் நிலைபெற்றன.

மார்ச் 10, திங்கள்

ஃபங்ஷனுக்குள்ளேயே அறிவித்த ஸ்ட்ரக்டின் முகவரியை ரிட்டர்ன் செய்தேன். என் கம்பைலரான ஜிசிசி எச்சரித்தது, நான் கண்டுகொள்ளவில்லை. ஓட்டியதும் செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் நின்றுவிட்டது. ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள்மாறிகளின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

மார்ச் 12, புதன்

பெயருக்கு 40 பைட், எண்ணுக்கு 4, மதிப்பெண்களுக்கு 20. என் ஸ்ட்ரக்ட் 64 பைட். 64 பிட் லினக்ஸில் 16 பைட்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரக்டை ரிட்டர்ன் செய்தால், அழைக்கும் ஃபங்ஷனே இடம் ஒதுக்கி, அதன் முகவரியை மறைவாக முதல் ஆர்குமென்டாக (அனுப்பும் மதிப்பாக) அனுப்பிவிடுகிறது. அழைக்கப்பட்ட ஃபங்ஷன் விடையை அங்கே எழுதுகிறது. நான் நகல் என்று நினைத்த இடத்தில் அடியில் ஒரு முகவரிதான் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. கம்பைலர் தரும் அசெம்பிளியில் (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

மார்ச் 14, வெள்ளி

'மீனாட்சிசுந்தரம்' 40 பைட்டில் அடங்கவில்லை. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'மீ' என்றால் எழுத்தும் துணைக்குறியும் சேர்ந்து 6. முழுப் பெயருக்கு 48, முடிவைக் காட்டும் சுழிய பைட்டையும் சேர்த்தால் 49 வேண்டும். சரி என்று பெயர் அரேயை எடுத்துவிட்டு பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி) வைத்து, நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மேலாக் ஃபங்ஷனிடம் இடம் வாங்கினேன்.

பட்டியலுக்காகப் பெயரைச் சுருக்கும் ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரக்டை அனுப்பினேன். போவது நகல்தானே என்ற தைரியத்தில் உள்ளே 'மீனாட்சி'யோடு வெட்டினேன். மெயினுக்கு வந்து பார்த்தால் அசலும் 'மீனாட்சி'. நகலானது பாயின்டர் மட்டும். அது காட்டிய பெயர் இரண்டுக்கும் ஒன்றே. செவ்வாய்க்கிழமை அசல் மாறவில்லையே என்று தவித்தேன், இன்று மாறிவிட்டதே என்று தவிக்கிறேன்.

பெயரை மறுபடி அரேயாக்கி 100 பைட் கொடுத்தேன். ஸ்ட்ரக்ட் இப்போது 124 பைட். சுருக்கும் ஃபங்ஷனை ஓட்டிவிட்டு மெயினில் அச்சிட்டேன்: மீனாட்சிசுந்தரம்.