சோறு ஓரத்துக்குப் போன தட்டு

உடல் எடைக்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப்போகிறேன் என்று சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோரும் கத்தியைப் பற்றியே விசாரித்தார்கள். வலிக்குமா, எத்தனை தையல், எவ்வளவு செலவு, எத்தனை நாள் படுக்கை என்பவையே கேள்விகளாக இருந்தன. கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு என்ன சாப்பிடுவது, எப்படிச் சாப்பிடுவது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற வேலை இந்த இரண்டாம் ஆண்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றில், சோற்றை நடுவில் வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்குத் துணையாக வைத்துப் பழகிய ஒருத்தி, அந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றிக்கொண்டதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் வெளிப்புற வளைவை ஒட்டிய முக்கால் பங்குக்கும் மேலான பகுதியை ஸ்டேப்ளர் கருவியால் பிரித்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். எஞ்சியிருப்பது, ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலிட்டர் கொள்ளும் குறுகலான ஒரு குழாய். வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது என்பதால், இடம் குறைவதோடு பசியும் அடங்கிவிடுகிறது. எனக்குச் சர்க்கரை நோயும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லையும் இருந்தன. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 40-ஐத் தாண்டியிருந்தது. ‘வாயைக் கட்டினால் போதாதா’ என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இத்துறை மருத்துவர்களின் அமெரிக்க, உலக அமைப்புகள் இரண்டும் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், அந்தக் குறியீட்டெண் 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு அந்த வரம்பை 27.5 என்றே கொள்ளலாம் என்றும் கூறியிருக்கின்றன. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பது அதற்குக் காரணம்.

வீடு திரும்பும்போது மருத்துவமனையில் கொடுத்த அச்சிட்ட உணவுத்தாள் எந்த நாட்டுச் சமையலறைக்காக எழுதப்பட்டது என்று தெரியவில்லை. ஆப்பிள் கூழ், ஜெல்லி, காட்டேஜ் சீஸ், வான்கோழி என்று வரிசையாக இருந்தது. கீழே தமிழில் ‘காரம் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி. வான்கோழியை நான் வண்டலூரில்தான் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அங்கிருந்த உணவியலாளர் பொறுமைசாலி. தாளில் உள்ள பொருள்களை விட்டுவிட்டு அதன் வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்: முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு இரண்டு வாரம் அளவுக்குக் கட்டியில்லாத திரவங்கள், அதற்குப் பிறகு மசித்தவை, அதன்பின் மென்மையானவை, ஆறு முதல் எட்டு வாரம் கழிந்த பின்பே வழக்கமான உணவு. எடை குறைப்பதற்கான பத்தியம் என்று நான் எண்ணியிருந்த இந்த வரிசைக்கு வேறொரு காரணம் இருக்கிறது. உள்ளே ஸ்டேப்ளர் போட்ட கோடு ஆறும்வரை அதன்மீது அழுத்தம் விழக்கூடாது. அது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஓயாத படபடப்பு ஆகிய மூன்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் புறப்பட்டு வரவேண்டும் என்று அவர் சொன்னதை அத்தை நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்.

திரவ நாட்களில் எதிரி பசி அல்ல, தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போகவேண்டும். ஆனால் இருமல் மருந்தோடு வரும் 30 மில்லிலிட்டர் மூடியில் ஊற்றி, அதையும் ஒரே மடக்கில் குடிக்காமல் உறிஞ்சி உறிஞ்சித்தான் குடிக்க முடியும். சற்றே அவசரப்பட்டாலும் நெஞ்சுக்கூட்டின் நடுவில் இறுக்கிப் பிடிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரைக் காலிசெய்யவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று; ஆகவே காலையில் கண் விழித்தது முதல் படுக்கப்போகும்வரை கையில் அந்த மூடி இருந்துகொண்டே இருந்தது. இந்த அறுவைக்குப் பின் மீண்டும் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலர் வாந்தியாலும் நீர்ச்சத்துக் குறைவாலும்தான் போகிறார்கள் என்பதை அறிந்தபோது அந்த மூடியின்மேல் மரியாதை வந்தது. வயிற்றில் செய்த அறுவைக்குத் தோள்பட்டை வலிப்பது ஏன் என்றுதான் முதலில் விளங்கவில்லை. துளைவழி அறுவைக்காக வயிற்றுக்குள் நிரப்பும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலியாம் அது. அடிக்கடி எழுந்து நடப்பதைத் தவிர அதற்குப் பெரிய வைத்தியம் இல்லை.

நீராகாரத்தைப் பொறுத்தவரை நம் சமையலறை எந்த நாட்டுக்கும் சளைத்ததல்ல. வடிகட்டிய கொள்ளு ரசம், பருப்பின் தெளிந்த நீர், நீர்மோர், காய்கறி வேகவைத்த தண்ணீர் என்று பெரிய அலுப்பில்லாமல் அந்த வாரங்கள் போயின. கணக்கு இடித்தது புரதத்தில்தான். நாள் ஒன்றுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. நூறு கிராம் சோற்றிலோ இரண்டரை கிராம்தான். இருக்கிற இடம் ஒரு கையளவு. அதில் சோற்றை வைத்தால் புரதத்துக்கு இடமில்லை. தொடக்கத்தில் புரதப்பொடி கலந்த பால்தான் கைகொடுத்தது. அதன் செயற்கை வெனிலா வாசனையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை எனக்குச் சொல்லாத உறவினர் கிடையாது. எத்தனையோ ஆண்டுகள் கொள்ளைத் தின்றும் என் எடை இம்மியும் அசையவில்லை என்பதால் அந்தத் தானியத்தின் மேலேயே கோபம் இருந்தது. இப்போது அதைக் கோபமில்லாமல் பார்க்க முடிகிறது: நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மசித்த உணவுக்கு மாறிய முதல் வாரத்தில் அத்தை கொள்ளைக் குழைய வேகவைத்து, சட்டியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மத்தால் வெகுநேரம் கடைந்து, தோலின் திப்பி போக ஒரு முறை வடிகட்டி, அரை ஸ்பூன் நெய்விட்டுக் கொண்டுவந்தார். குழந்தைக்கு ஊட்டும் சிறு ஸ்பூனால் நுனியளவு எடுத்து வாயில் வைத்தேன். சீரகமும் பூண்டும் நாக்கில் பட்டதும், வாரக்கணக்கில் தண்ணீரையே விழுங்கிய தொண்டை தானாக இறுகியது. நான்கு ஸ்பூனுக்கு மேல் போகவில்லை. “ஒரு வாய் சோறாவது உள்ள போகோணுமல்லோ, கண்ணு?” என்றார் அத்தை. அவருடைய கணக்கில் அன்று நான் சாப்பிடவே இல்லை. குழம்பை மட்டும் ருசி பார்த்துவிட்டு எழுந்திருந்தேன்.

அந்தக் கணக்கைத்தான் வீடு முழுவதும் மாற்றவேண்டியிருந்தது. இப்போது என் தட்டில் முதலில் முட்டைப் பொடிமாஸோ, மீனோ, பனீரோ, கடைந்த பயறோ இருக்கும். அதை முடித்த பின் கூட்டோ பொரியலோ. அதற்குப் பிறகும் இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு, ஊறுகாய் வைக்கும் இடத்தில். சோறு எனக்கு ஆகாததற்குப் புரதக் கணக்கு மட்டுமே காரணமில்லை. உதிரியாக வடித்த சோறு குறுகிய குழாய்க்குள் போய்க் கட்டிக்கொள்கிறது. ரொட்டி மாவாகப் பிசைந்துகொள்கிறது. சப்பாத்தியும் முறுகலான தோசையின் தடித்த நடுப்பகுதியும் நன்றாக மென்றாலும் சில நாள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் என்ன நேரும் என்பதைப் பட்டவர்களே அறிவார்கள்: மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு கல் நிற்கும், வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறும், தொட்டிக்குமுன் குனிந்து நின்று அது மேலேயோ கீழேயோ போகும்வரை காத்திருக்கவேண்டும். போதும் என்பதை முன்கூட்டியே சொல்லும் அறிகுறி ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்கில் நீர். எனக்கு ஒற்றை விக்கல். விக்கல் வந்ததும் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் ஊரே வளர்த்திருக்கிறது; இப்போதோ விக்கல் வந்தால் ஸ்பூனைக் கீழே வைக்கிறேன், தண்ணீரைத் தொடுவதில்லை.

ஏனென்றால் சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் டம்ளரை எடுக்கவேண்டும் என்பது விதி. சேர்த்துக் குடித்தால் சின்னப் பைக்கு வலி எடுக்கும், இல்லையேல் உணவு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். இதைத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து டம்ளரை அகற்றுவதோடு முடிந்துவிடும் காரியம் என்று எண்ணியிருந்தேன். நம் சாப்பாட்டின் பாதியே தண்ணீர்தான் என்பது பிறகுதான் உறைத்தது. சாம்பாரிலிருந்து ரசத்துக்கும் ரசத்திலிருந்து மோருக்கும் நகர்கிற முறை, கடைசியில் சோற்றைக் கரைத்துக் குடிக்கிற முறையாகவே ஆகிவிடுகிறது. அதனால் ரசமும் மோரும் என் சாப்பாட்டை விட்டு வெளியேறி, முற்பகலில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாகத் தனிப் பானங்களாகிவிட்டன. பதினொரு மணிக்கு, சூடான ரசத்தை மட்டும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது எனக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் கலவை, பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு ஆகியவை ஆயுள் சந்தா. இரைப்பையில் அமிலம் குறைந்துவிடுவதால் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் வகையே நன்றாக உறிஞ்சப்படும். அதையும் இரும்பையும் இரண்டு மணி நேர இடைவெளியில் விழுங்கவேண்டும், காபியோடு இரும்பு கூடாது. வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் தயமின் என்ற பி1 வற்றி நரம்புகளைத் தாக்கும் என்பதால் அதைப் ‘பழகிவிடும்’ என்று விட்டுவிடக்கூடாது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டத் தொடங்கியபோது அத்தை கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினார். உடல் திடீரென்று இளைக்கும்போது முடி கூட்டமாக ஓய்வு நிலைக்குப் போய் உதிர்வது வழக்கம், சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் முளைத்துவிடும் என்றார் மருத்துவர். முளைத்தது. எண்ணெயால்தான் முளைத்தது என்று அத்தை நம்புகிறார், நான் மறுக்கவில்லை.

பந்தியைச் சமாளிப்பது மாத்திரையைவிடக் கடினம். கல்யாண வீட்டில் இலையில் விழுந்ததை மிச்சம் வைத்து எழுந்தால் சமைத்தவரை அவமதித்ததாகும். வேண்டாம் என்று கையை மறித்தால் அழைத்தவரை அவமதித்ததாகும். “என்ன கண்ணு, கோழி கொத்தறாப்பல கொத்திக்கிட்டிருக்கற?” என்று பெரியம்மா பந்தி நடுவில் உரக்கக் கேட்டபோது, “போதுமுங் பெரியம்மா, டாக்டர் சொல்லியிருக்காருங்” என்றேன். டாக்டரின் பெயரால் சொன்னால் நம்மவர்கள் உடனே இறங்கிவருவார்கள். அறுவை செய்துகொண்டதை எல்லோரிடமும் சொல்லவேண்டுமா என்பதில் எனக்கு ஒரு முடிவு உண்டு: கூடவே உட்கார்ந்து உண்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. ‘சுலபமான வழியில் இளைத்துவிட்டாள்’ என்ற பேச்சு காதில் விழத்தான் செய்கிறது. அப்படிப் பேசுகிறவர்களை ஒரு வாரம் மருந்து மூடியில் தண்ணீர் குடிக்கச் சொல்ல ஆசைதான். இப்போதெல்லாம் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என் இலையில் விழும் வடையும் ஜாங்கிரியும் பேச்சுமூச்சில்லாமல் அவள் இலைக்குப் போய்விடும்.

முதல் ஆண்டில் பசி இல்லாததால் எல்லாம் நடந்தது. இரண்டாம் ஆண்டில் பசி மெல்லத் தலைகாட்டுகிறது, பையும் சற்று இளகிக்கொடுக்கிறது, குறைந்த எடையில் கொஞ்சம் திரும்பிவருவது பலருக்கும் நேர்கிறது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், உடம்புக்கு நல்லதான கோழிக்கறித் துண்டு நான்கு வாயில் அடைத்துக்கொள்கிறது. முறுக்கு, மிக்ஸர், பிஸ்கட், ஐஸ்கிரீம் இவையோ வாயிலேயே பொடிந்து கரைந்து, வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. மாலையில் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தால் ஒரு கிண்ணம் மிக்ஸர் எந்தத் தடையும் இல்லாமல் போய்விடும் என்பதை என் புதிய வயிறே எனக்குக் காட்டிவிட்டது. அறுவை பசியைத்தான் வெட்டியது. நாலு மணிக்கு ஏதாவது கொறிக்கவேண்டும் என்ற நினைப்பு வயிற்றில் இருக்கவில்லை போலும், அதனால் தப்பித்துவிட்டது. அதற்கு வறுத்த கடலையும் சுண்டலும் வைத்து ஈடுகட்டிப் பார்க்கிறேன்; பாதி நாள் ஒத்துக்கொள்கிறது. வீட்டில் எந்நேரமும் நிறைந்திருக்கும் முறுக்குத் தூக்கை இனித் தீபாவளிக்கு மட்டும் நிரப்பினால் போதும் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் உடனே சரி என்றுவிட்டார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளோடுதான் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.