ஒரு வால்வைப் புரிந்துகொள்ள நான்கு தாள்கள்

சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்க்கிறேன். ஆலைகளில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்தான் எரிசக்தித் தணிக்கையாளர். அந்தத் தேர்வில் தேறியதிலிருந்து பக்கத்து ஆலைத் தம்பிகள் போன் போட்டு, எப்படிப் படிச்சீங்கண்ணே என்று கேட்கிறார்கள். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்களுடையது 32 கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு 32 கிலோ) ஓடும் பழைய பாய்லர். நூறு டன் கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 30 டன் சக்கை வரும். அதில் பாதி எடை தண்ணீர்தான். ஒரு கைப்பிடி சக்கையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தே, இன்றைக்கு ஈரம் கூடுதல், அடுப்பு மந்தமாகத்தான் எரியும் என்று எங்கள் ஃபயர்மேன் அண்ணன் சொல்லிவிடுவார். அந்தச் சக்கை எரிந்து வரும் நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டு, ஒன்றரை கிலோ அழுத்தத்தில் வெளியே வந்து சாறு காய்ச்சப் போகிறது. ஒரே நீராவி மின்சாரமும் தருகிறது, வெப்பமும் தருகிறது. இதைத்தான் இணைமின் உற்பத்தி என்கிறோம். நான்கு சீசன் அதன் பக்கத்திலேயே நின்றும் எனக்கு அதன் கணக்கு தெரியாது.

தெரியாததற்குச் சாட்சி ஒரு வால்வு. டர்பைனைத் தொடாமல் பாய்லர் நீராவியை நேரே அழுத்தம் குறைத்துக் காய்ச்சுமிடத்துக்கு அனுப்பும் வால்வு அது. சர்க்கரைப் பாகு காய்ச்சும் பான் மேடையிலிருந்து "ஸ்டீம் பத்தலை" என்று சத்தம் வந்தால் உடனே அதைத் திறப்போம். கேட்டவருக்கு நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

2001-இல் வந்த எரிசக்திச் சிக்கனச் சட்டத்தைத் தொடர்ந்து, 2002 மார்ச்சில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE) தொடங்கியது. தணிக்கையாளர் தேர்வு அதன் பெயரில்தான் நடக்கிறது. நான்கு தாள்கள். முதல் மூன்றும் மூன்று மணி நேரம், 150 மதிப்பெண். நான்காவது இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண், புத்தகம் பார்த்து எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் பாதியாவது எடுக்க வேண்டும். நான்கு தாளுக்கான வழிகாட்டிப் புத்தகங்களையும் பணியகமே போட்டிருக்கிறது; நான் வேறு எதுவும் வாங்கவில்லை. அரவை நின்ற பிறகு, ரிப்பேர் வேலை முடிந்து வந்த மாலைகளில் படித்தேன்.

இரண்டாம் புத்தகத்தில் இணைமின் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் நீராவி அட்டவணையை எடுத்து எங்கள் டர்பைனுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய பத்து கிலோ நீராவிக்கு ஒரு யூனிட் வந்தது. அப்படியானால் அந்த வால்வு வழியே மணிக்கு ஐந்து டன் போனால் 500 யூனிட் போச்சு. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 4,000 யூனிட். டர்பைனில் அந்த நீராவியை வாங்க இடம் இருந்தது. அதே நேரத்தில் மின்வாரிய லைனிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டும் இருந்தோம். நோட்டை மூன்று முறை சரிபார்த்தேன். விடை மாறவில்லை.

முதல் முயற்சியில் மூன்றாம் தாள், மின்சாரப் பகுதி, கைவிட்டுவிட்டது. மெக்கானிக்கல் ஆள் என்று பவர் ஃபேக்டரையும் மோட்டாரையும் மேலோட்டமாகப் பார்த்தது என் தவறு. தவறிய தாளை மட்டும் திரும்ப எழுதினால் போதும். இரண்டாம் தடவை எங்கள் எலெக்ட்ரீஷியனோடு பேனல் அறையில் உட்கார்ந்து படித்தேன், தேறினேன். நான்காம் தாளுக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: புத்தகம் கையில் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். பக்கம் புரட்டவே நேரம் போய்விடும். பாய்லர் திறனையும் டர்பைன் கணக்கையும் கை தானாகப் போடும் அளவுக்குப் பழகுங்கள்.

இடையில் 87 கிலோ அழுத்தத்தில் ஓடும் ஓர் ஆலையைப் பார்க்கப் போனேன். நீராவி 515 டிகிரி. அங்கே ஆறு கிலோவுக்கும் குறைவான நீராவியில் ஒரு யூனிட் வருகிறது. சக்கை அதே சக்கைதான். ஆனால் அந்த அழுத்தம் தண்ணீரில் சிறு பிழையையும் பொறுக்காது. சாறு காய்ச்சும் குழாயில் கசிவு இருந்தால், பாய்லருக்குத் திரும்பும் தண்ணீரில் சர்க்கரை கலந்து, உள்ளே அமிலமாகிக் குழாயை அரித்துவிடும்.

அந்தத் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை, அங்கே இரவு ஷிப்டில் இருந்த லேப் தங்கச்சி எனக்குச் செய்து காட்டினார். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு ஆல்ஃபா நாஃப்தால் என்ற ரசாயனம், பிறகு சாய்த்த குழாயின் ஓரமாக கந்தக அமிலத்தை மெதுவாக விட்டார். இரண்டும் சேரும் இடத்தில் ஊதா வளையம் தெரிந்தால் சர்க்கரை இருக்கிறது. அன்று வளையம் வரவில்லை. "வளையம் தெரிஞ்சா யாரையும் கேக்க வேண்டாம் சார். அந்தத் தண்ணியை நானே வெளிய திருப்பிவிடச் சொல்லிடுவேன்" என்றார். தொழிற்சாலை முழுக்க எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். மேலாளரை எழுப்பிக் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமையை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பாய்லரைக் கடன் வாங்கிக்கூட வைத்துவிடலாம். இப்படி ஓர் ஆளை உருவாக்க பல சீசன் வேண்டும்.

இந்த சீசன் தொடக்கத்தில் பாய்லர் ஹவுஸ் கரும்பலகையில் 500 யூனிட் கணக்கைத் தமிழில் எழுதிப் போட்டேன். ஃபயர்மேன் அண்ணன் ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேனே சார்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் 22 வருடம் அந்த வால்வைத் திறந்து மூடியவர். ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

இப்போது ஷிப்டு நோட்டில் அவரே ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறார். வால்வு எத்தனை மணிக்குத் திறந்தது, யார் கேட்டார்கள், எத்தனை மணிக்கு மூடியது என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. நேற்று இரவு ஷிப்டில் மூன்று வரிதான்.