ரேங்க் கார்டில் ஒரு கையெழுத்து

"அவருக்கு முதல் சம்சாரம் இருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இந்தக் கேள்வியை மட்டும் என் வக்கீல் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பேன். ஜூனியர் பையனை டீ வாங்க அனுப்பிவிடுவேன். எந்த மனு போடுவது, யார் பெயரில் போடுவது எல்லாமே அதற்கு வரும் பதிலில்தான் இருக்கிறது.

அன்று வந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஒரு டைலரோடு எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். கோயிலில் வைத்து மஞ்சக்கயிறு கட்டியதோடு சரி. மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தை. டைலர் இப்போது ஊரில் இருக்கும் முதல் குடும்பத்துக்கே திரும்பிவிட்டார். என் கேள்விக்கு அந்தம்மா கொஞ்ச நேரம் மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும்ங்க" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். முதல் கல்யாணத்தை மறைத்து இன்னொருத்தியைக் கட்டியவன் அதையே காரணம் காட்டி ஜீவனாம்சத்திலிருந்து நழுவ முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்தே வாழ்ந்தவருக்கு அந்தக் கதவும் இல்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 'திருமணம் போன்ற உறவு' என்பதை ஏற்றுக்கொள்கிறதே என்றால், 2010இல் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் அதற்கும் உச்ச நீதிமன்றம் வேலி போட்டது. இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியோடு இருக்க வேண்டும், ஊர் பார்க்கக் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்கு எதிரே எட்டு வருடம் வாழ்ந்தாகிவிட்டது. அந்தத் தகுதிதான் ஆளுக்கு இல்லை. அதே தீர்ப்பில் இப்படிப்பட்ட பெண்ணைக் குறிக்க வந்த 'கீப்' என்ற ஆங்கிலச் சொல்லை, அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே எதிர்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் எதிர்த்தரப்பு பதிலாகப் போடும் எதிருரைகளில் அதன் தமிழான 'வைப்பு' என்ற சொல் இன்றும் கூசாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

"உங்களுக்குக் கஷ்டம்ங்க. பாப்பாவுக்குக் கண்டிப்பா உண்டு" என்றேன். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவானாலும், 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தின் 144ஆனாலும், பிள்ளை எப்படிப் பிறந்தது என்று பார்ப்பதில்லை. அந்தம்மா அழவில்லை. "அவ பேர்லயே போடுங்க" என்றார்.

அவர் பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்குள்ளும் ஒரு வக்கீல் புத்தி எட்டிப் பார்த்தது. மறைக்க என்ன இருக்கிறது!

எதிர்மனுதாரரான டைலர், குழந்தையே தன்னுடையது இல்லை என்று எதிருரை போட்டார். பிறப்புச் சான்றிதழில் தன் பெயரை இந்தம்மாவே கொடுத்துவிட்டாராம். டி.என்.ஏ. பரிசோதனைக்கு மனு போடலாமா என்று யோசித்துக்கொண்டே மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தேன். கேஸ் சிலிண்டர் ரசீது, தடுப்பூசி அட்டை, ஒரு ஒற்றைக் கொலுசு, இரண்டாம் வகுப்பு ரேங்க் கார்டு. கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டத்தில், அரையாண்டுக்கு நேரே, நீல மையில் டைலருடைய கையெழுத்து. வக்காலத்தில் போட்டிருந்த அதே சுழி.

குறுக்கு விசாரணையில் அதை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்குல மார்க் கம்மின்னு அவங்கம்மா போடமாட்டேன்னுட்டா. பாப்பா அழுதுட்டு நின்னா. அதான் போட்டேன்" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். டி.என்.ஏ. பேச்சு அதோடு போயிற்று.

அடுத்தது வருமானம். 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வரவு, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பீஸ் ரேட்டில் தைத்துச் சனிக்கிழமை கையில் பணம் வாங்குகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மாத வருமானம் 8,000 என்று எழுதியிருந்தார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில்! அவரே இணைத்திருந்த வங்கிக் கணக்கில் பைக் தவணை மட்டும் மாதம் 4,200 போயிருந்தது. நான் அதிகம் வாதாடவில்லை. மனு போட்ட தேதியிலிருந்து மாதம் 5,000 தர உத்தரவானது.

விவாகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும், "சேர்ந்து மனு போட்டா ஆறு மாசம் காத்திருக்க வேண்டாமாமே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். 2017 தீர்ப்பு அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. உத்தரவான பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று அவர்களும் கேட்பதில்லை, நானும் அப்போது சொல்வதில்லை.

டைலர் நிலுவையைக் கட்டி, நாலு மாதம் ஒழுங்காகவும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தம்மா வந்து சொன்னபோது, "இன்னும் கொஞ்சம் சேரட்டும், ஒரே மனுவா போட்டுரலாம்" என்றேன். நடுவில் இரண்டு தடவை வந்து ஞாபகப்படுத்தினார். வேறு கட்டுகளுக்கு அடியில் அவருடைய கட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது பதினாலு மாத பாக்கி. தொகை விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட். முதல் இரண்டு மாதம் கழன்றுவிட்டது, 10,000 ரூபாய். சட்டக் கல்லூரிப் பையனுக்கும் தெரிந்த விதி இது.

அந்தம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"அந்த ரெண்டு மாசம் ஸ்கூல் ஆட்டோக்காரருக்குக் கடன் சொல்லியிருக்கேனுங்க மேடம். கேஸ்ல வந்ததும் தர்றேன்னு. இப்ப அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"