கிளைடர் முதல்முறை கையை விட்டுப் போகுமுன்

புதிதாகக் கட்டிய ரிமோட் கிளைடர் முதல் நாளே மூக்கு நொறுங்கித் திரும்பினால், ஓட்டியவர் கையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் கோளாறு வீட்டு மேசையிலேயே இருந்திருக்கும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது சி.ஜி. எனப்படும் ஈர்ப்பு மையம், அதாவது விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமநிலையில் நிற்கும் இடம்.

2 மீட்டர் இறக்கை, பால்சா மரம், மடங்கும் புரொப்பல்லர், வாலில் ரட்டரும் (இட, வலமாகத் திருப்பும் மடல்) எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் மடல்) மட்டும், மொத்தம் 900 கிராம் எடை என்று ஒரு கிளைடரை வைத்துக்கொள்வோம். இறக்கையின் அகலம் நெடுக 200 மி.மீ. என்றால், முதல் பறப்புக்கு முன்விளிம்பிலிருந்து 30 சதவீதம், அதாவது 60 மி.மீ. பாதுகாப்பான இடம். பிளானில் 65 என்று போட்டிருந்தாலும் முதல் நாள் 60 போதும். பின்னால் தள்ளுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விரலால் தாங்கிப் பார்த்தால் 5 மி.மீ. தவறுவது சாதாரணம். ரப்பர் முனை மேலே இருக்கும்படி இரண்டு பென்சில்களை ஒரு கட்டையில் நட்டு, குறித்த கோட்டில் இறக்கையை வைத்துப் பாருங்கள். பேட்டரி உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மட்டமாகவோ, மூக்கு சற்றே தாழ்ந்தோ நின்றால் சரி.

வால் தாழ்ந்தால் உடனே ஈயத்தைத் தேடாதீர்கள். 110 கிராம் பேட்டரியை 20 மி.மீ. முன்னால் நகர்த்தினாலே சி.ஜி. ஏறக்குறைய 2.5 மி.மீ. முன்னே வந்துவிடும். வாலில் கூடிய எடைதான் உண்மையான எதிரி. சி.ஜி.யிலிருந்து வால் 700 மி.மீ., மூக்கு 280 மி.மீ. என்றால், வாலில் தாராளமாகப் பூசிய 10 கிராம் பசையைச் சமன்செய்ய மூக்கில் 25 கிராம் ஈயம் வேண்டும். அதனால்தான் வால் பகுதியில் பசையைச் சொட்டுச் சொட்டாக வைக்கச் சொல்கிறோம்.

அடுத்தது இறக்கை முறுக்கு. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்விளிம்பைப் பாருங்கள். நுனியில் பின்விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு, 3 மி.மீ. போல மேலே தூக்கியிருந்தால் நல்லதுதான்; வேகம் குறையும்போது நுனி முதலில் சரியாது. ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக இருந்தால் பறக்கவே விடாதீர்கள். ரட்டர் டிரிம் (ஸ்டிக்கைத் தொடாதபோதும் மடல் சற்றுத் திரும்பி நிற்க ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு வேகத்துக்குச் சரியான டிரிம் இன்னொரு வேகத்தில் பொருந்தாது. ஃபிலிம் ஒட்டிய இறக்கை என்றால் எதிர்த்திசையில் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, ஹீட் கன் காட்டி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருந்தால் நேராகிவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் வேலை முழுவதையும் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மடல்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, டிரிம்மை நடுவில் வைத்து, அதன் பிறகே சர்வோ கையை மாட்டுங்கள். எலிவேட்டர் மேலும் கீழும் 10 மி.மீ., ரட்டர் இருபுறமும் 25 மி.மீ. அசைந்தால் போதும். திசையைச் சோதிக்கும்போது விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்று பார்த்துத்தான் பலர் ரட்டரைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். ரிமோட்டின் ஸ்டிக் வலப்பக்கம் என்றால் ரட்டர் வலப்பக்கம். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. பிறகு எலிவேட்டரை விரலால் மெல்ல அழுத்துங்கள். சர்வோ அசையாமலே அது வளைந்து கொடுத்தால், சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பியான புஷ்ராட் நடுவில் பிடிப்பில்லாமல் தொங்குகிறது என்று பொருள். வேகமாகக் கீழே பாயும்போது அந்த எலிவேட்டர் சொன்ன பேச்சைக் கேட்காது.

ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நின்றே ஆக வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பூஜ்யத்தில் வைத்து, ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் ரிசீவர் செய்ய வேண்டியதை) நாமே பதிவுசெய்ய வேண்டும். உடல் கார்பன் ஃபைபர் என்றால் ஆன்டெனா நுனியை வெளியே எடுங்கள், கார்பன் சிக்னலை மறைக்கும்.

மைதானத்துக்கு விடிகாலையில், காற்று மெல்ல வீசும்போது போங்கள். புல்தரை அவசியம். மூன்று செல் லிப்போ பேட்டரி முழு சார்ஜில், அதாவது 12.6 வோல்ட் காட்டுகிறதா பார்த்துவிட்டு, ரிமோட்டின் சிக்னலைக் குறைத்துச் சோதிக்கும் ரேஞ்ச் செக் முறையில் 30 அடி எடுத்துவைத்து நடந்து, சர்வோக்கள் துடிக்காமல் அசைகின்றனவா என்று பாருங்கள்.

மோட்டார் இல்லாமல் முதல் வீச்சு. காற்றுக்கு எதிராக, ஈட்டி எறிவதுபோல, தொலைவில் தெரியும் ஒரு மரத்தின் அடியைக் குறிவைத்து மட்டமாக விடுங்கள். மேல்நோக்கி வீசினால் வேகம் செத்து மூக்கு குத்தும். அதைப் பார்த்து சி.ஜி.யை மாற்றப் போய்விடுவோம். சரியாக விட்டும் மூக்கு எழும்பி, தயங்கி, விழுந்தால் எலிவேட்டர் டிரிம்மைச் சற்றுக் கீழே இறக்குங்கள். 3 மி.மீ.க்கு மேல் டிரிம் கேட்டால் மைதானத்தில் போராட வேண்டாம், சி.ஜி.யையும் இறக்கைக் கோணத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

நேராக மிதந்து இறங்கிய பிறகே மோட்டார். நல்ல உயரத்துக்கு ஏற்றி, மோட்டாரை நிறுத்தி, டிரிம் சரிசெய்துவிட்டு 30 டிகிரி கீழே பாயவிட்டு ஸ்டிக்கை விடுங்கள். தானாக மெல்ல நிமிர்ந்தால் சி.ஜி. சரி. வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்கு கனம். பாய்ச்சல் இன்னும் செங்குத்தானால் வால் கனம். உடனே மெதுவாக நிமிர்த்தி இறக்கி, பேட்டரியை 10 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பேட்டரி விளிம்பை ஒட்டி, உடலின் உட்புறம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.